நிலாவைத் தாண்டிய வரப்பு

"ஏம்மா, என் நிலத்துக்குக் கிழக்கு எல்லை எங்க முடியுதுன்னு சொன்னீங்க?"

"கடலுக்கு அந்தப் பக்கம்" என்றாள் பதிவு எழுத்தர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விவசாயி கையிலிருந்த பழைய பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளம் நாற்பது கோல் என்றுதான் இருந்தது. கோல் என்றால் பன்னிரண்டு அடி. நாற்பது கோலுக்கு நூற்று நாற்பத்தாறு மீட்டர் வர வேண்டும். கணினியோ கூசாமல் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் என்றது.

"சார், கோலுக்குப் பதினாறு கிலோமீட்டர் போடுது! அது காதக் கணக்கு. அளவு மாத்தற அட்டவணையில கோல் இருக்க வேண்டிய இடத்துல எவனோ புண்ணியவான் காதத்தை வெச்சிருக்கான்" என்று அவள் பின்மேசை அதிகாரியிடம் முறையிட்டாள்.

அதிகாரி நாற்காலியோடு திரும்பினார். "எவன் வெச்சா என்ன? அஞ்சு மணிக்குள்ள இந்தக் கோப்பு முடிஞ்சாத்தான் உங்களுக்கு நாலு நாள் லீவு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. ஆறு மணிக்கு பஸ். ஒரு ராத்திரிப் பயணத்துக்கு அப்பால், தலைமை அலுவலகத்தில், கணினிப் பிரிவில் கணவன். பார்த்து எட்டு மாதமாகிறது.

எண்ணைக் குறைத்து அடித்தாள். 'பதிவான நிலத்தைக் குறைக்க இயலாது' என்றது கணினி. கணவனுக்கே போன் போட்டாள்.

"என்னம்மா, பஸ்ஸுக்குக் கிளம்பிட்டியா?"

"எங்க கிளம்ப! இங்க ஒரு வரப்பு கடல் தாண்டி நிக்குது."

முழுவதையும் கேட்டுவிட்டு, "அட, இவ்வளவுதானா? கீழ 'மறுகணக்கு'ன்னு ஒரு பொத்தான் இருக்கு பாரு. தைரியமா அழுத்து" என்றான்.

அழுத்தினாள். கணினி அந்த அறுநூற்று நாற்பது கிலோமீட்டரை மீட்டராக்கி, மீட்டரையெல்லாம் கோல் என்று எடுத்துக்கொண்டு, மறுபடியும் பெருக்கிவிட்டது.

"ஒரு கோடியே ரெண்டு லட்சம் கிலோமீட்டர்" என்று இலக்கங்களை விரலால் எண்ணிப் படித்தாள்.

"நிலா எவ்வளவு தூரம்மா?" என்றார் விவசாயி.

"நாலு லட்சம்கூட இல்லீங்க."

"அப்போ நிலா என் வரப்புக்கு உள்ளதான்! பக்கத்து நிலத்துக்காரன் முழிப்பான் பாருங்க."

"நிலா எந்தப் பிரிவுல வருது? நஞ்சையா, புஞ்சையா?" என்றார் அதிகாரி கவலையோடு.

"தண்ணி இல்லீங்களே. புஞ்சைதான்" என்றார் விவசாயி.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று அதிகாரியே வந்து உட்கார்ந்தார். ஒரே அழுத்து. பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு கோடி கிலோமீட்டர். கோள்களெல்லாம் பின்தங்கிப் போயின.

"சூரியன்?"

"அதையும் தாண்டியாச்சு சார்."

"இத்தனை நாளா என் நிலத்துலதான் உதிச்சிட்டிருந்திருக்கு, ஒரு வார்த்தை சொன்னாங்களா யாராவது!" என்று விவசாயி தலையில் கைவைத்தார். ஆனாலும் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

அவள் மறுபடி போன் போட்டாள். "நீங்க சொன்னதைக் கேட்டு நான் உருப்பட்ட மாதிரிதான்!"

"கோவிச்சுக்காத. இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்து. சரியாயிடும்."

அழுத்தினாள். கிலோமீட்டரில் எழுதக் கணினிக்கே இடம் போதவில்லை. 'இருநூற்று எழுபத்தேழு ஒளியாண்டு' என்று காட்டிவிட்டு, சிவப்பில் ஒரு வரி போட்டது: 'நான்கு முறை தவறு. தலைமை அலுவலக ஊழியர் நேரில் வந்து திறக்க வேண்டும்.'

மணி ஐந்து அடித்தது. ஆறுக்கு பஸ்ஸும் போனது. 'ஆள் வருகிறார். பதிவுகள் முழுவதையும் சரிபார்க்கும்வரை அங்கேயே தங்குவார்' என்று தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி மட்டும் வந்தது.

மறுநாள் காலை விவசாயிக்கும் முன்னாலேயே அவள் வந்து வாசலில் நின்றாள். வருகிறவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனப்பாடம் செய்திருந்தாள். ஜீப் வந்து நின்றது. கதவு திறந்தது. இறங்கியவன் அவள் கணவன்.

மனப்பாடம் மறந்து போயிற்று.

"நீங்களா!"

"வேற ஆள் இல்லேன்னுட்டாங்க. நான் என்ன பண்றது, சொல்லு?"

உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் அட்டவணையைத் திருத்தினான். நூற்று நாற்பத்தாறு மீட்டர். விவசாயி சான்றிதழை வாங்கி மடித்துக்கொண்டார்.

"நிலா போனா போவுது. யாரு போய் உழறது?"

அவள் முகத்தில் அழுகையும் சிரிப்பும் முட்டிமோதின. "எத்தனை நாள் இருப்பீங்க?"

"மூணு மாசம் ஆகும் போலிருக்கு."

"என் வயித்துல பாலை வார்த்தான், அந்தக் காதத்தைக் கொண்டுபோய் வெச்சவன்! யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

ஜீப்பிலிருந்து இரண்டாவது பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் நிமிர்ந்தார்.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? 'நாலு நாள் லீவு எந்த மூலைக்கு? கோளாறுன்னா மூணு மாசம் அனுப்புவாங்க'ன்னு சொல்லிட்டு, போன வாரம் உங்க வீட்டுக்காரர்தானே அதை அங்க வெச்சாரு!"