உயிரோடிருந்த வேலாயுதத்துக்கு ஒப்பாரி

உயிரோடு இருக்கிற மனிதரின் காலடியில் உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தவள் செஞ்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். துணை கிடைத்த மாதிரி இருக்கும்.)

சண்டைக் காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே தப்பி வந்த சில குடும்பங்கள் செஞ்சியில் ஒரு சந்தில் குடியேறியிருந்தோம். ஊரார் அதற்கு ரங்கூன் சந்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அக்கரைக்குப் போய்க் கெட்டுப்போனவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, உள்ளூர்க்காரர்கள் எப்போதோ கைவிட்ட கட்டுப்பாடுகளையெல்லாம் எங்கள் பெரியவர்கள் தேடிப் பிடித்து எங்கள் தலையில் கட்டினார்கள். மருமகள் ஆம்பிளைகள் எதிரில் வாய் திறக்கக் கூடாது. கிணற்றடியில் உள்ளூர்ப் பெண்களிடமும் பேசக் கூடாது, பேச்சில் ரங்கூன் வாடை அடிக்குமாம்.

அந்தச் சந்துக்கு நான் மருமகளானபோது எனக்குப் பதினேழு வயது. அம்மா நடந்து வந்த வழியிலேயே போய்விட்டாள். நைனா வேலை தேடி மதராசுக்குப் போய்விட்டார். கணவர் விடிந்ததும் மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை தூக்கப் போனால் இருட்டித்தான் திரும்புவார். பகலெல்லாம் நான் பேசியது எங்கள் வெள்ளாட்டோடு மட்டும்தான். அதற்கும் என் பேச்சு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் வேலாயுதம். ஒரு நாள் விடியற்காலையில் அவருடைய அண்ணன் இறந்துபோனார். என் மாமியாருக்கு அன்று பார்த்துக் குளிர்காய்ச்சல்.

"நீதான் துக்கத்துக்குப் போவணும்" என்றாள்.

"எனக்கு ஒப்பாரி வைக்கத் தெரியாதே அத்தை."

"இன்னாடி இது, அழத் தெரியாத பொம்பள! முந்தானைய மூஞ்சில போட்டுக்க. தெரு முனையிலேருந்தே அழுதுகினு போ. பச்சைக் கதவு. உள்ள பூந்து கால்மாட்டுல குந்திக்கினு ராசான்னு ஆரம்பி, மிச்சம் தானா வரும். நாம போவலன்னா, நாளைக்கி நம்ம வூட்ல ஒண்ணுன்னா எவ வருவா?"

ஒருத்தரும் வராத சாவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பினேன். பச்சைக் கதவு வந்தது, நுழைந்தேன். (அண்ணனும் தம்பியும் ஒரே டின் பெயிண்டில் இரண்டு வீட்டுக் கதவுக்கும் அடித்திருந்ததை மாமியார் சொல்லவில்லை. கூட்டமெல்லாம் அடுத்த வாசலில் நின்றதை முந்தானைக்குள்ளிருந்து நான் எப்படிப் பார்ப்பது?) உள்ளே கயிற்றுக் கட்டிலில் தலை முதல் கால் வரை வெள்ளை வேட்டி போர்த்திய உருவம். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. அழுகைச் சத்தம் கொல்லைப்பக்கம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், பிணத்தைத் தனியாகப் போட்டுவிட்டார்களே என்று எனக்குத் துக்கம் பொங்கியது. கால்மாட்டில் உட்கார்ந்து, "ராசா, என் ராசா" என்று ஆரம்பித்தேன்.

அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வாய் நிற்காமல் தானாக வேறு பக்கம் திரும்பியது.

"மலையேறி வரையிலே மூச்சடைச்சுப் போனியே அம்மா, மண்ணு போட நேரமில்ல, மரத்தடியில் விட்டமே அம்மா..."

அன்றைக்கு அந்த மரத்தடியில் நைனா "நிக்காத, நட" என்றார். நடந்தேன். அம்மாவுக்காக யாரும் சத்தம் போட்டு அழவில்லை, நான்கூட அழவில்லை. அதையெல்லாம் சேர்த்து வேலாயுதத்தின் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன்.

கால் சூடாக இருந்தது. அடுத்த கணம் பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"படுங்க! படுங்க!" என்று அலறினேன். செஞ்சியில் ஒரு வெளி ஆம்பிளையிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அதுவும் அதட்டல்.

வேட்டிக்குள்ளிருந்து வந்த முகம் வேலாயுதத்துடையது. அண்ணனுக்குத் துணையாக இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர வந்தவர். சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"உசுரோட கீற ஆளுக்கு ஒப்பாரியா! ரங்கூன்காரிக்குக் கொழுப்பப் பாரு!" என்றாள் ஒருத்தி. நாளைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

வேலாயுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணத் திட்டாதீங்க. அண்ணன் போனதிலேருந்து எனக்கு அழுவையே வரல. இது அவங்கம்மாளச் சொல்லச் சொல்லத்தான் வந்துது. கூட்டினு போயி உக்கார வைங்க."

கொழுப்பு என்று சொன்னவளே என் தோளைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்ப் பிணத்தண்டை உட்கார்ந்தாள். "உங்கம்மாளுக்குப் பேரு இன்னாம்மா?" என்றாள். செஞ்சியில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். சொன்னேன். அன்று அந்தப் பெண்கள் செத்தவருக்கு அழுததில் பாதி என் அம்மாவுக்கு அழுதார்கள். மறுநாள் கிணற்றடியில் அவளே என்னைக் கூப்பிட்டுப் பேசினாள். நானும் பேசினேன். மாமியார் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அன்றிலிருந்து என் கணவர் போர்த்திப் படுத்திருக்கும்போது நான் அந்தப் பக்கம் போனால், போர்வைக்கு வெளியே கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டுவார். "இருக்கேன், ஆரம்பிச்சிடாத." பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், இப்போது பேரப்பிள்ளைகளும் ஆட்டுகிறார்கள்.

போன தை மாதம் ஒரு மத்தியானம் அவர் ஆட்டவில்லை. இந்தத் தடவை வீடும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. இருந்தும் நான் ஆரம்பிக்காமல் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.