நான் காப்பாற்றிய நான்கு நிலங்கள்

அன்று காலை நான் நிலத்தைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தேன். என் நிலத்தை அல்ல. பக்கத்து நான்கு வீட்டுக்காரர்களின் நிலத்தை.

காரணம் சொல்கிறேன். ஓப்பநாயக்கவில் எங்கள் மேட்டில் ஐந்து வீடு, ஐந்து துண்டு நிலம். தேயிலை, நடுவே போஞ்சி, கறிமிளகாய். முந்தின நாள் நான் பஜாரிலிருந்து வரும்போது ஒரு ஆள் எங்கள் நிலத்தில் இரும்புக் கம்பியைக் குத்தி, மண்ணை எடுத்து, விரலில் தேய்த்து, மோந்து பார்த்து, பையில் போட்டுக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்க ஏறி வருவதற்குள் மோட்டார் சைக்கிளில் போய்விட்டான். இரத்தினபுரி மாவட்டத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். கம்பியோடு வருகிறவன் மாணிக்கக்கல் தேடி வருகிறவன்.

"இந்திராணி, யாரு அது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மண்ணு பார்க்க வந்தாருங்க."

"என்ன சொன்னாரு?"

"இப்படி ஒரு மண்ண இந்தப் பக்கமே பார்த்ததில்லையாம்."

நான் குரலைத் தாழ்த்தினேன். "மத்தவங்க நிலம்?"

"அங்கயும் குத்திப் பார்க்கணுமாம். அடுத்த மாசம் வாறேன்னாரு."

அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஐந்து நிலத்திலும் கல் இருந்தால் என் நிலத்துக்கு என்ன மவுசு? மற்ற நாலு பேரையும் குழி தோண்ட விடக் கூடாது. அப்போதுதான் கல் முதலாளி என் வாசலில் வந்து நிற்பான்.

அதற்கு வழி வீட்டிலேயே இருந்தது. இந்திராணி மாதர் சங்கச் செயலாளர். விளைநிலம் காக்கும் திட்டம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கட்டாயம் இல்லை, விரும்பினால் சேரலாம். பத்து வருஷத்துக்குக் குழி தோண்ட மாட்டேன், பயிர் தவிர எதுவும் போட மாட்டேன் என்று கையெழுத்து. நடக் கன்றும் மண்ணுக்குப் பசளையும் கிடைக்கும். எல்லாரும் "யோசிப்பம் அக்கா" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள்.

"ஒரு வீட்டுல குழி தோண்டினாப் போதும்ங்க, அஞ்சு வீட்டுக் கிணறும் வத்திரும். பெரிய மழைக்கு மேடே சரிஞ்சு நம்ம தலையில விழும்," என்று தினமும் புலம்புவாள். போன வருஷம் எதிர் மலையில் அப்படித்தான் ஆனது. நான் "ம்" சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பேன்.

அன்று எழுந்து உட்கார்ந்தேன். "அந்தப் படிவத்தக் கொடு புள்ள. நான் பேசுறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"ஊருக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

முதலில் கீழ் வீட்டு அப்துல் ரஸாக். அண்ணன் முறையில் எல்லாருக்கும் அவர் 'நானா'. பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி மயில்வாகனம். உங்க நிலத்துல தண்ணி போக ஒரு கானாவது ஒழுங்கா இருக்கா? மழத்தண்ணி உங்க மண்ண அள்ளிக்கிட்டு நேரா என் குசினி அடுப்புக்குத்தான் வருது. மொதல்ல நீங்க வெட்டுங்க, நான் கையெழுத்து வைக்கிறன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"ரஸாக் நானா கேக்கிறதும் நியாயந்தானேங்க," என்றாள் இந்திராணி. மண்வெட்டி ஏற்கெனவே கதவோரம் இருந்தது.

நான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். கான் வெட்டுவது என் வேலை அல்ல. வெட்டுகிறவனை ஏசுவதுதான் என் வேலை. இருந்தாலும் மூன்று வாரம் வெட்டினேன். மேட்டுக்குக் குறுக்கே ஏழு கான். கரை நெடுக வெட்டிவேர். இடுப்பு என்னோடு கோபித்துக்கொண்டது. எப்படியும் என் நிலத்தில் கல் குழி வரும், பிறகு மண்வெட்டியையே தொட வேண்டாம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ரஸாக் நானா கையெழுத்து வைத்தார். அடுத்த இரண்டு வீடும் கானைப் பார்த்தே சேர்ந்தன. மேல் வீட்டு பண்டாவிடம் சிங்களத்தில், மண்தான் நமக்குத் தாய் என்று பேசினேன். அவர் கண் கலங்கக் கையெழுத்து வைத்தார். எனக்கும் லேசாகக் கலங்கியது.

மாதம் முடிந்தது. கம்பிக்காரர் வந்தார். பின்னாலேயே வேடிக்கை பார்க்க நாலு வீடும் வந்தது. நான் அவரை மட்டும் தேயிலைக்குள் இழுத்துப் போனேன்.

"முதலாளி, மத்த நாலு நிலத்தையும் கட்டிப் போட்டாச்சு. இனி என் நிலம் ஒண்ணுதான். குழி எங்க தோண்டுவம்?"

"குழியா? ஐயா, நான் ஸ்ரீதரன். இந்த விளைநிலத் திட்டத்துக்கு மண் பரிசோதனை பண்றவன்."

"அப்ப கல்லு?"

"கல்லெல்லாம் இல்லீங்க. கறுப்பு மண்ணு, உள்ள மண்புழுவா நெளியுது. தங்கமான மண்ணுங்க!"

திரும்பிப் பார்த்தேன். இந்திராணி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"நான்தானேங்க அவர வரச் சொன்னேன்."

"பின்ன ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா கட்டில விட்டு எறங்கியிருப்பீங்களா?"

கானைப் பார்த்தேன். ஏழும் நேராகத்தான் இருந்தன.

ஸ்ரீதரன் ஐந்தாவது படிவத்தை நீட்டினார். போகட்டும், ஏமாந்தாலும் நான் நிலச் சொந்தக்காரன். நாலு வீடும் பார்க்கும்படி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தொண்டையைச் செருமினேன்.

"எங்க போடணும்?"

"கீழ சாட்சின்னு இருக்கில்லங்க, அங்க," என்றாள் இந்திராணி. "காணி உறுதிப் பத்திரம் என் பேர்ல இருக்கு. நான் போன மாசமே போட்டுட்டேன்."