ஷரீபுன்னிசாவுக்கு ரத்தம் ஏறவில்லை

ஈரலின் கடைசித் துண்டை ஷரீபுன்னிசா விழுங்கும்வரை கிஃபாயத்துல்லா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நேற்றுப் பாதி ஈரல் பூனைக்குப் போயிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

"வாயத் தொற," என்றார்.

"நான் இன்னா பச்சப் புள்ளையா?" என்றாள் அவள். ஆனாலும் திறந்து காட்டினாள்.

கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். ஆனால் ஹீமோகுளோபின் பத்தைத் தொடாமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதல் சோதனையில் எட்டுதான் இருந்தது. கடைப் படியில் ஒருநாள் கண் இருட்டி அவள் சரிந்ததைப் பார்த்த கிஃபாயத்துல்லா ஆடிப்போனார். செங்கல்பட்டு பஜாரில் இருந்த சூட்கேஸ் கடையை மகனிடம் விட்டுவிட்டு, நேராகச் சமையலறைக்குள் புகுந்துகொண்டார்.

ஈரல் வாடை அவளுக்குக் குமட்டியது. வாய்க்கு மாற்றாக இஞ்சி தட்டிப் போட்டு, கறுக்கக் கொதிக்கவிட்டு, தன் கையால் ஒரு டீ கொடுத்தார். அந்த வாசனையில் அவருக்கு மாமல்லபுரம் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிது, ஐந்து ரதம் பக்கம் தொப்பி விற்றுக்கொண்டிருந்த காலம். மதியம் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் பம்ப் ஸ்டவ்வில் டீ போடுவது அவர் வேலை. கடல்காற்று அடுப்பை அணைத்துவிடாமல் முந்தானையை விரித்துப் பிடிப்பது அவள் வேலை. செங்கல்பட்டில் கடை வைத்த பிறகு அவருடைய டீ டீக்கடையிலிருந்து வந்தது. தன்னுடையதை அவளே போட்டுக்கொண்டாள்.

"அதே ருசிங்க," என்றாள் ஷரீபுன்னிசா, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி.

அடுத்த சோதனைக்கு அவள் தனியாகப் போய் வந்தாள். எட்டு, ஏழே முக்காலாகியிருந்தது.

கிஃபாயத்துல்லா முதலில் கறிக்கடைக்காரரோடு சண்டை போட்டார், கிழட்டு ஆட்டின் ஈரலைத் தன் தலையில் கட்டிவிட்டதாக. பிறகு மதியச் சாப்பாட்டில் முருங்கைக்கீரையைச் சேர்த்தார். ஆயத் தெரியாமல் காம்போடு வதக்கியதில் அது அவள் தொண்டையில் நின்றது. இறக்குவதற்கு ஒரு டீ. இரும்புச் சத்து மாத்திரை துரு நாற்றம் அடித்தது. அதற்கும் ஒரு டீ. நாவலூரிலிருந்து மகள் ஃபைஸா போன் போட்டு, அம்மாவை நடக்கவையுங்கள் என்றாள். சாயங்காலங்களில் இருவரும் கொளவாய் ஏரிக்கரைக்குப் போனார்கள். பேரீச்சம்பழ டப்பாவோடு பிளாஸ்க்கும் கூடவே போனது.

முதல் நாள் அவர் டீயை ஊற்றும்போது, அவள் முந்தானையை விரித்துக் காற்றை மறைத்தாள்.

"பிளாஸ்க்குக்கு எதுக்குடி மறைப்பு? அடுப்பா அணைஞ்சிடப் போவுது?"

"கை பழக்கம்," என்றாள்.

மூன்றாவது சோதனைக்கு அவரும் கூடவே போனார். ஏழரை.

அவளை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, ரத்தம் எடுத்த சுஜாதாவிடம் திரும்பி வந்தார்.

"ஆட்டு மந்தையே அவ வயித்துல கீது. ஏழரைன்னா எப்படிம்மா? உன் மிஷின்தான் பேஜாரு பண்ணுது."

மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று சுஜாதா பொறுமையாகச் சொன்னாள். அவருக்குக் குரல் தழைந்துவிட்டது.

"அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரும்மா கீறா," என்றவர், கத்தியதற்குப் பரிகாரமாகப் பிளாஸ்க்கைத் திறந்தார். "கோச்சிக்காத. ஒரு வாய் குடி. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதும் இதக் குடுத்துதான் அவளுக்கு எல்லாத்தையும் உள்ள இறக்கறேன்."

சுஜாதா பிளாஸ்க்கைப் பார்த்தாள். வாசலில் ஆட்டோவுக்குள் இருந்த ஷரீபுன்னிசாவை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"சாப்பிட்டதும் டீ குடிச்சா இரும்புச் சத்து ஒடம்புல சேராதுன்னு போன தடவையே அம்மாவாண்ட சொல்லிட்டேன் பாய், 'அத்த மட்டும் அவராண்ட சொல்லிடாத, மாமல்லபுரத்த வுட்டு வந்ததுலேர்ந்து இப்பதான் மனுசன் டீ போட்டுக் குடுக்கறாரு'ன்னாங்க."