அப்பாவின் படம் திறக்கவில்லை

"திறக்க மாட்டேங்குதுக்கா" என்று மூன்றாவது முறையாகப் போனில் சொன்னார் யுகேந்திரன்.

ஜொகூர் பாருவில் அச்சுக்கடை வைத்திருப்பவர் அவர். தமிழ் நாளிதழுக்கு நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க ஜொகூர்க்காரர்கள் பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள். ஸ்கூடாயில் தன் வீட்டுக் கூடத்தில் நின்றிருந்த கஸ்தூரிக்கு, போனை அவர் தலையில் எறிய முடியாத தூரத்தில் இருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

அப்பா முத்துக்கருப்பன் இறந்து நாளையோடு இரண்டு வருடம். மாலை நான்கு மணிக்குள் படம் போய்ச் சேராவிட்டால் நாளைய பேப்பரில் விளம்பரம் வராது. வந்தே ஆக வேண்டும். போன வருடம் பெக்கோக்கிலிருந்து அண்ணன் கனகராஜ் கொடுத்த விளம்பரத்தில் அண்ணன் பெயர், அண்ணி பெயர், அவர்கள் பெற்றதுகளின் பெயர் எல்லாம் இருந்தன. மகள் என்று ஒரு வரி இல்லை. வேலையிடத்தில் ஒருத்தி பேப்பரை நீட்டி, "இது உங்கப்பாதானே? உன் பேரைக் காணோமே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை. கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. இந்த வருடம் அவள் முறை. பெரிய விளம்பரம், நல்ல படம், கீழே மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். மகன் என்ற வரியே கிடையாது. எழுத்தெல்லாம் நேற்றே அனுப்பிவிட்டாள். படம்தான் பாக்கி.

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளில் அவளுடைய ஐபோனில் எடுத்த படம் அது. எச்.இ.ஐ.சி. என்ற வகையாம். பெயரே ஏதோ வியாதி மாதிரி இருந்தது. யுகேந்திரனின் பழைய கம்ப்யூட்டருக்கு ஜே.பி.ஜி. தவிர வேறொன்றும் தெரியாதாம்.

கணவன் செல்வாவுக்கு அன்று சிங்கப்பூர் வேலைக்கு லீவு. சோபாவில் படுத்தபடி, பெயரின் வாலை மாற்றினால் போதும் என்றார். அவரே லேப்டாப்பில் எச்.இ.ஐ.சி.யை அழித்துவிட்டு ஜே.பி.ஜி. என்று தட்டி அனுப்பியும் வைத்தார். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவான் என்று நினைக்கிற மனுஷன். படம் கெட்டுப்போய்விட்டதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறது என்று யுகேந்திரனிடமிருந்து பதில் வந்தது. எங்கப்பாவா கெட்டுப்போனார் என்று தொடங்கி, செல்வாவின் குடும்பத்தில் யார் யார் கெட்டுப்போனார்கள் என்பது வரைக்கும் போய்த்தான் கஸ்தூரி நின்றாள்.

பிறகு அவளே படத்தைத் திறந்து வைத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாள். எடுத்த வேகத்தில் பார்க்காமலே அனுப்பினாள்.

யுகேந்திரன் கூப்பிட்டார். குரலில் ஒரு தயக்கம்.

"அக்கா, படம் திறந்துருச்சு. ஆனா அப்பா நெத்தியில 'கனகராஜ் அண்ணன்'னு எழுதியிருக்கு."

எடுத்த அந்த நொடியில்தான் அண்ணனின் அழைப்பு வந்திருக்கிறது. அப்பா செத்தும் அவரை விடமாட்டேன் என்கிறாரே அண்ணன் என்று கஸ்தூரி பல்லைக் கடித்தாள். மறுபடி எடுத்து அனுப்பினாள். பெரிதாக்கினால் முகம் கலங்குகிறது, பேப்பரில் போட்டால் அடையாளம் தெரியாது என்றார் யுகேந்திரன்.

அடுத்து, இலவசமாக மாற்றித் தருகிற ஒரு இணையதளத்தைச் செல்வா தேடிப் பிடித்தார். மாற்றித்தான் தந்தது. அப்பாவின் நெஞ்சுக்குக் குறுக்கே தன் பெயரையும் பெரிதாக அச்சடித்துத் தந்தது. கஸ்தூரி கார் சாவியை எடுத்தாள். நானும் வரட்டுமா என்று செல்வா கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையில் அவர் திரும்பப் படுத்துக்கொண்டார்.

நெரிசலில் ஊர்ந்து கடைக்குள் நுழைந்தபோது மணி மூன்றேகால். யுகேந்திரன் போனை வாங்கி அப்படியும் இப்படியும் துழாவினார். கேமரா செட்டிங்கில் ஒன்றைத் தட்டிவிட்டு முகம் மலர்ந்தார்.

"முடிஞ்சதுக்கா. இனிமே எடுக்கற போட்டோ எல்லாம் ஜே.பி.ஜி.யாவே வரும்."

"இனிமே எங்கப்பாவை எப்படிங்க எடுக்கறது?"

யுகேந்திரன் மலாயில் 'அலமாக்' என்று அங்கலாய்த்துக்கொண்டு மறுபடி குனிந்தார். வேறொரு செட்டிங்கை மாற்றி, பக்கத்துப் போன் கடையில் ஒயர் இரவல் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் செருகினார். நகல் எடுக்கும்போது போனே மாற்றிக் கொடுத்துவிடுமாம். கொடுத்தது. திரை முழுக்க அப்பா பளிச்சென்று சிரித்தார். கஸ்தூரி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். அப்பாவைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

அப்புறம்தான் அப்பாவின் தோளில் நான்கு விரல்கள் தெரிந்தன. பக்கத்தில் நின்ற அண்ணனின் கை.

"அதை வெட்டுங்க."

"வெட்டுனா தோளும் போயிரும்க்கா."

"போகட்டும்."

ஒரு பக்கத் தோள் இல்லாமல் அப்பா தயாரானார். படம் உள்ளறைக்குப் போனது. எழுத்தையும் படத்தையும் சேர்த்துப் பத்திரிகைக்கு அனுப்புவது அங்கிருக்கும் பிரேமலாவின் வேலை. மணி நான்கடிக்கப் பத்து நிமிடம். கஸ்தூரி நாற்காலியில் சாய்ந்தாள். நாளைக்குப் பெக்கோக்கில் அண்ணன் பேப்பரை விரிப்பார். கடைசி வரி வரைக்கும் தன் பெயரைத் தேடுவார். நல்லாத் தேடட்டும். வருடம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. கையில் இரண்டு தாள்களோடு பிரேமலா வந்தாள். கஸ்தூரியை அவள் பார்க்கவே இல்லை.

"பாஸ், ஒரே ஆளுக்கு ரெண்டு விளம்பரம் வந்திருக்கு. காலையில பெக்கோக்கிலருந்து வந்ததுல, 'போன வருஷம் என் தங்கச்சி பேர் விட்டுப்போச்சு, சொல்லலாம்னா போனை எடுக்க மாட்டேங்கறா, இந்த வருஷம் அவ பேரை முதல்ல போடுங்க'ன்னு எழுதியிருக்காரு. இப்ப வந்த இதுல மகன்ற வரியே இல்ல. எதை அனுப்பறது? செத்தவருக்கு மகன் இருக்காரா, இல்லையா?"