லட்ச வருஷத்துக் கடுக்காய்க் கல்

பூமியில் உயிர் தோன்றி முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று தெரிந்த எனக்கு, புகுந்த வீட்டில் எது யாருடைய பொருள் என்று தெரியாமல் போனது. ஒப்புக்கொள்கிறேன். நான் திருடியிருக்கிறேன். அதுவும் கல்யாணமான முதல் வாரத்தில், மாமியாரிடமிருந்து.

எம்.ஏ. வரலாறு முடித்த கையோடு, கள்ளக்குறிச்சியிலிருந்து மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஆதிமனிதன் என்றால் எனக்கு அப்போது பைத்தியம். (கணவர் பெயரை மறந்தாலும் மறப்பேன், கற்காலத்தை மறக்க மாட்டேன்.) வீட்டுக்குப் பின்னால், பலா மரத்தடியில் அந்தக் கல் கிடந்தது. மாங்காய் அளவு. ஒரு முனை சில்லுசில்லாக உடைந்திருந்தது, நடுவில் கட்டைவிரல் பதிய ஒரு குழி. கையில் எடுத்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. ஆதிமனிதனின் கருவி! மறுவீட்டுக்குப் போகும்போது பட்டுப்புடவைக்குள் சுற்றி எடுத்துப்போய், என் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டுத்தான் அம்மா வீட்டு வாசலையே மிதித்தேன்.

இரண்டு நாள் கழித்து மலைக்குத் திரும்பினால், வீட்டில் போர்.

"என் கல்லு எங்கடி?" என்று அத்தை கத்திக்கொண்டிருந்தார்.

"உன் கல்லு எனக்கு எதுக்குக்கா? என் வூட்ல கல்லா இல்ல?" என்றார் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

"நீதான் போன வாரம் அத கேட்டுக்கினு இருந்த!"

அவர்கள் தேடியது நான் கொண்டுபோன கல்லைத்தான். அது கடுக்காய் உடைக்கும் கல்லாம். இருவரும் வருஷக்கணக்காக அந்த மரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்து கடுக்காய் உடைப்பவர்கள். மறுநாள் ஆளுக்கொரு வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு உடைத்தார்கள். நான்தான் எடுத்தேன் என்று சொன்னால் அத்தை என்னை என்ன நினைப்பாரோ என்ற பயம்.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். "கழுவினா தண்ணி பூரா மஞ்சளா வருதும்மா. கடுக்காய்க் கறை. யார் வீட்டுப் பொருளைத் தூக்கிட்டு வந்தே?" என்றார்.

அன்று மாலை அத்தை வேறொரு கல்லால் உடைக்கப் போய், விரலை நசுக்கிக்கொண்டார். சண்டையை மறந்து செல்லம்மா ஈரத்துணியோடு ஓடி வந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பயத்தில் பாடம்தான் வந்தது.

"அத்தை, பூமியில முதல்ல உயிர் கடல்லதான் தோணுச்சு..."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. மீன் கரையேறியது, ஊர்வன வந்தன, டைனோசர் செத்தது.

"யக்கா, இவ இன்னா சொல்றா?"

"கடல்ல ஆரம்பிச்சிருக்கா. மலையேறி வர நேரமாவும். இரு."

குரங்கினம் மரத்தை விட்டு இறங்கியது, மனிதன் கல்லை எடுத்தான். "அந்த மனுசனோட கல்லுன்னு நெனச்சு நான் எடுத்துட்டுப் போயிட்டேன் அத்தை. லட்ச வருஷத்துக் கல்லுன்னு..." என்று சொல்லி ஓவென்று அழுதுவிட்டேன்.

"போன மாசி மாசம் ஆத்துல பொறுக்கியாந்த கல்லுடி அது!" என்றார் அத்தை. பிறகு சற்று யோசித்து, "அவங்க அதுல இன்னாத்த ஒடைச்சாங்க?" என்று கேட்டார்.

"எலும்பு... கொட்டை..."

அத்தை செல்லம்மாவைப் பார்த்தார். "கேட்டியாடி? அவளுங்களும் நம்மள மாரியே கொட்ட ஒடைச்சிக்கினு கெடந்திருக்காளுங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் கல் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. இப்போது அதில் உடைப்பது நான்தான், அத்தைக்குக் கை வலி. செல்லம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அந்தக் குழியில் கட்டைவிரலை வைக்கும்போதெல்லாம் அவர் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது.

வீட்டில் எது காணாமல் போனாலும் இன்றும் நான்தான் முதல் குற்றவாளி. நேற்று டிவி ரிமோட்டைக் காணோம். என் மகள் வீட்டையே புரட்டிப் போட்டாள். கட்டிலில் படுத்தபடியே அத்தை சொன்னார்:

"உங்கம்மாள கேளு. கடல்லேர்ந்து ஆரம்பிக்காதன்னு சொல்லிட்டு கேளு."