காலவரையற்ற ஒரு செவ்வாய்க்கிழமை

பதினான்கு போராட்டம் கண்டவன் நான். ஒன்பது முறை கைதானவன். திண்டிவனத்தில் லாரி மறியல் என்றாலும் விழுப்புரத்தில் ரயில் மறியல் என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் படுப்பவன் இந்த அனந்தராஜ். அப்படிப்பட்டவன் எண்பத்து நாலாம் ஆண்டு செப்டம்பரில் ஒரு முடிவுக்கு வந்தேன். என் வீட்டு அடுப்படிக்கு எதிராகக் காலவரையற்ற உண்ணாவிரதம்.

காரணம் இருக்கிறது. அறுபத்தைந்தில் மொழிக்காக உள்ளே போனதால் எஸ்.எஸ்.எல்.சி. எழுதவில்லை. என்னோடு உள்ளே இருந்த மூன்று பேர் இன்று காரில் போகிறார்கள். நான் ஓர் ஆபீசில் பியூன். டிசம்பருக்குள் பத்தாவது தேறிய சான்றிதழைக் காட்டினால் கிளார்க். காட்டாவிட்டால் அந்த நாற்காலி இன்னொரு பியூன் நடராசனுக்கு. ஊர்வலம் போகும் தெருவில்கூட நடராசன் குடியிருந்ததில்லை. அவனுக்கு நான் டீ வாங்கி வர வேண்டும். இதற்காகவா தடியடி பட்டேன்?

ஏப்ரலில் ஒருமுறை எழுதித் தோற்றேன். ஒளிச்சேர்க்கை பற்றி எழுதச் சொன்னார்கள். கதிரவனின் உழைப்பை இலைகள் சுரண்டுவதைக் கண்டித்து ஆறு பக்கம் எழுதினேன். மதிப்பெண் ஒன்று. அக்டோபரில் மறுதேர்வு; செப்டம்பர் பிறந்தும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

நான் கேள்வித்தாளைக் குறை சொன்னேன். என் மனைவி பத்மாம்பாள் என் உடம்பைக் குறை சொன்னாள்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கி மைக் புடிச்ச மாதிரி கத்திக்கினு படிச்சா மண்டையில எப்பிடிங்க ஏறும்? ஒரு நாளைக்கு எட்டு டீ. ஒரு கட்டு பீடி. ஒடம்பே பேஜாரா இருக்குது, அதுல படிப்பு எங்க நிக்கும்?"

மறுநாளே சட்டம் அமலுக்கு வந்தது. காலை நாலரைக்கு எழ வேண்டும். ஏரிக்கரை வரை நடை. வந்ததும் கேப்பைக் கூழ், வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. டீ, பீடிக்குத் தடை. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. ஒன்பது மணிக்கு விளக்கு அணையும்.

நாங்கள் ஜைனர்கள். பொழுது போனபின் சாப்பிடுவதில்லை. வெங்காயம் தொடுவதில்லை. அதாவது, அவள். நான் இரண்டு பாவத்தையும் ஒன்றாக்கி, சவரிராயன் டீக்கடையில் இரவு பத்து மணிக்கு வெங்காய வடையாகத் தின்று பழகியவன்.

"ஜெயில்லகூட அஞ்சரைக்குத்தான் எழுப்புவான்" என்றேன்.

"அங்க உங்கள யாரும் பாஸ் பண்ணச் சொல்லலியே" என்றாள்.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். 'அடுப்படி ஏகாதிபத்தியமே, அடக்குமுறையைக் கைவிடு.' டீ, பீடி, வெங்காயம், இரவுச் சாப்பாடு என்று நான்கு கோரிக்கை. அவள் முழுக்கப் படித்தாள். பிறகு அதையே கூம்பாகச் சுருட்டி, மல்லாட்டையைப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"ஒத்துக்கலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"நாளை முதல் காலவரையற்ற உண்ணாவிரதம்."

அவள் சுவரில் தொங்கிய காலண்டரிடம் போனாள். விரலால் தேடினாள்.

"நாளைக்கு வாணாங்க. செவ்வாய்க்கெழம வெச்சிக்குங்க."

"ஏன்?"

"அதுக்குள்ள கொஞ்சம் ஒடம்பத் தேத்திக்கலாம் இல்ல."

எதிரி அவகாசம் கேட்டால் நடுங்குகிறான் என்று பொருள். பெரிய மனதோடு ஒப்புக்கொண்டேன்.

உண்ணாவிரதக் கலையில் ஒரு ரகசியம் உண்டு. பந்தலுக்குப் பின்பக்கம் ஒரு வழி இருக்க வேண்டும். சவரிராயனிடம் பேசி வைத்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு, கொல்லைப் படல் பக்கம், நான்கு வடை.

செவ்வாய் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கூடத்தில் பாய் விரித்து, பக்கத்தில் ஒரு சோடாப் பாட்டிலோடு உட்கார்ந்தேன். அவளும் ஒரு பாயை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?"

"நீங்க பட்டினி கெடக்கும்போது நான் துன்னா நல்லாவா இருக்கும்? நானும் இருக்கறேன். எனக்குத் தண்ணிகூட வாணாம்."

என் சோடாப் பாட்டிலை நானே பாய்க்குப் பின்னால் தள்ளினேன்.

"சும்மா குந்திக்கினு இருந்தா பசிக்கும். புஸ்தகத்த எடுங்க" என்றாள்.

அவள் கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். பதினொரு மணிக்குள் ஒளிச்சேர்க்கை மூன்று முறை சுரண்டல் இல்லாமல் வந்துவிட்டது. இரண்டு வாரம் தூங்கிய தூக்கமோ என்னவோ, சொன்னது மண்டையில் நின்றது. இதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சவரிராயன் வந்தான். படலுக்கு மேல் எட்டிப் பார்த்தான். கூடத்தில் அவள் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவும் பட்டினியா?"

"ஆமா சவரிண்ணே. கையில இன்னா பொட்டலம்?"

எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வாசனை என்னைக் கைது செய்தது.

"எங்க வூட்டுக்கும்மா" என்று பின்வாங்கினான். ஓடி வந்த என்னிடம் மெதுவாக, "மன்னிச்சுக்குங்கண்ணே. அம்மா தண்ணிகூட இல்லாம குந்திக்கினு இருக்கறாங்க. இத உங்களுக்குக் குடுத்தா ஞாயித்துக்கெழம கோயில்ல சாமியார்கிட்ட நான் இன்னான்னு சொல்லி மன்னிப்பு கேப்பேன்?" என்றான். வடையோடு போய்விட்டான். பதினான்கு போராட்டத்தில் இப்படி ஒரு துரோகம் கண்டதில்லை.

மூன்று மணிக்குக் கண் இருட்டியது. ஐந்து மணிக்கு எதிரே இரண்டு நடராசன் தெரிந்தார்கள். இரண்டு பேருக்கும் டீ வாங்கப் போனேன். சுவர் தடுத்தது.

ஐந்தரைக்கு அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கூழ் கொதிக்கும் வாசனை.

"ஏங்க, பொழுது ஆறேகாலுக்குப் போயிடும். அதுக்குள்ள சாப்ட்டா சாப்பாடு. இல்லன்னா நாளைக்குக் காலையிலதான்."

"நீ?"

"எனக்கு இன்னா அவசரம்? நாளைக்குப் பாத்துக்கறேன். நாளன்னிக்கி ஆனாலும் சரி."

அவள் முகத்தைப் பார்த்தேன். காலையில் பார்த்த அதே முகம். எந்த அரசாங்கமும் என்னைக் கண்டு ஏன் பயப்படவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நான்கு கோரிக்கையும் கைவிடப்பட்டன. பேச்சுவார்த்தையில் சுமுகத் தீர்வு என்று வெளியே சொல்லிக்கொண்டேன். ஆறு பத்துக்கு மூன்றாவது கிண்ணக் கூழைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் விழுப்புரத்தில் தேர்வு. நாலரைக்கு எழுந்து பழகிய உடம்பு முதல் பஸ்சைப் பிடித்தது. கொட்டாவி விடாமல் எழுதியது. டிசம்பரில் தேறினேன். அறிவியலில் அறுபத்தொன்று. நாற்காலி கிடைத்தது. நடராசன் டீ வாங்கி வந்தான். ஒப்பந்தப்படி என்னால் அதைக் குடிக்க முடியவில்லை.

அன்று மாலை வரலாற்றுக்காக ஒரு துண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'உண்ணாநிலையால் வென்ற கல்வி.' தேதி வேண்டுமே என்று காலண்டரைப் புரட்டினேன். செப்டம்பர் பதினெட்டு. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் அஷ்டமி என்று இருந்தது. முன்னே புரட்டினேன். ஜனவரியிலிருந்து ஒவ்வோர் அஷ்டமிக்கும் வட்டம்.

"பத்மா, அன்னிக்கு உனக்கு நோம்பா?"

"ஆமாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து எல்லா அஷ்டமிக்கும் தண்ணிகூட இல்லாமதான்."

"பதினாறு வருஷமா எனக்குத் தெரியலியே."

"நீங்க எங்கங்க வூட்ல இருந்தீங்க? எதனா ரோட்ல இல்ல படுத்துக்கினு இருந்தீங்க" என்றாள். "ஜல்தி வாங்க, பொழுது போவுது."