ஜெனரல் மேனேஜருக்கு ஒரு நாற்காலி

மேலகரம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் உள்ள முதலாளி பென்னி தம்பி அவர்களுக்கு,

உங்கள் மிட்டாய்க் கம்பெனியில் பத்தொன்பது வயதில் பாகு கிண்டச் சேர்ந்து, சைக்கிளில் கடை கடையாகச் சரக்குப் போட்டு, கடைசியில் ஜெனரல் மேனேஜராகி, சென்ற மார்ச்சில் உங்கள் கையால் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய ஜெபசிங் அவர்களின் மனைவி ஜெபமலர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். நீங்களும் வீட்டம்மாவும் பிள்ளையும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மிச்சத் தமிழெல்லாம் வேதப் புத்தகத்திலும் வீட்டுக் கணக்கு நோட்டிலும் நானாகப் படித்தது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுகம் என்று வழக்கத்துக்காக எழுதினேன். நிஜத்தில், தம்பி, எனக்கு முடியவில்லை. தயவுசெய்து அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வேண்டாம். கோடவுன் ஓரத்தில் ஒரு நாற்காலியும், அடித்தால் யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு மணியும் போதும். எங்கள் மகள் ஷெர்லின் ஏழு மாசக் கர்ப்பம். தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வர வேண்டும். "அப்பா வீட்ல மீட்டிங் போடுத வரைக்கும் நான் அங்கன வரமாட்டேம்மா" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

மீட்டிங் என்றது விளையாட்டுக்கில்லை. காலை ஜெபம் முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேற்று சுட்ட இட்லியில் நாலு மிஞ்சியதே, ரிட்டர்ன் சரக்கு ஏன் வந்தது என்று கேட்கிறார். அடுக்களை அலமாரியை ஒரே நாளில் மாற்றிவிட்டார். ஓடுகிற சரக்கு கண் மட்டத்தில் இருக்க வேண்டுமாம், ஓடாத சரக்கு பின்னால் போக வேண்டுமாம். பெருங்காயம் எங்கே போனது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் முழங்காலில் நின்று ஊர் உலகத்துக்கெல்லாம் ஜெபித்துக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து, "ஏட்டி, விஷயத்துக்கு வா, அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்கிறார். ஆண்டவருக்கே ரிப்போர்ட் சுருக்கமாகப் போக வேண்டுமாம்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள் எல்லாரும் காப்பி குடிக்க, மாப்பிள்ளையைக் காணோம். எதிர்த்த பெட்டிக்கடையில் நின்று உங்கள் கம்பெனி மிட்டாய் பாட்டிலைத் துடைத்து முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா, "பொறுப்பான பையன்லா" என்று சந்தோஷப்பட்டார். அன்று நகர்த்தத் தொடங்கிய கை இன்றுவரை நிற்கவில்லை. இப்போது தினமும் பேச்சிமுத்து அண்ணாச்சி கடைக்குப் போய் பாட்டிலை முன்னால் வைக்கிறார். இவர் தெருமுனை திரும்பியதும் அவர் பின்னால் வைக்கிறார்.

"என்னவே, நம்ம பாட்டிலை எங்கன ஒளிச்சு வச்சிருக்கீரு?"

"அண்ணாச்சி, சில்லறைக்குப் பதிலா மிட்டாய் குடுத்த காலம்லாம் போச்சு. இப்ப எல்லாவனும் போனைக் காட்டிட்டுப் போறான். போனுக்கு மிட்டாய் குடுக்க முடியுமா?"

அதற்கு இவர் கண்டுபிடித்த வைத்தியம், தானே சுக்கு மிட்டாயை வாங்குவது. பாட்டில் காலியானால்தானே ஆர்டர் போகும் என்கிறார். இவருக்கோ சர்க்கரை வியாதி, அதனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீட்டுகிறார். கணக்கு நோட்டில் இதைக் காணிக்கையில் எழுதுவதா, வைத்தியச் செலவில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் நல்ல சாரல். மனசு மாறட்டும் என்று ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டைக் கட்டி அருவிக்குப் போகிறவர், வழியில் ஒரு கடையில் உங்கள் கம்பெனி பாட்டிலுக்குள் வேறு கம்பெனி மிட்டாய் கிடப்பதைப் பார்த்துவிட்டார். எண்ணெய் வடிய வடிய, "லைசென்ஸ எடும், பில்ல எடும்" என்று ஒரு சத்தம். மாறுவேடத்தில் அதிகாரி வந்திருக்கிறார் என்று வரிசையாகப் பத்துக் கடைக்காரர்கள் படுதாவை இறக்கிவிட்டார்கள். சிப்ஸ் வாங்க நின்ற கூட்டம் கத்த, போலீஸ்காரர் வந்து, "யாருவே நீரு?" என்றார்.

"ஜெனரல் மேனேஜர்."

"எப்ப இருந்து?"

இவர் போலீஸ்காரரைப் பார்த்தார், தம்பி. என்னைப் பார்த்தார். நான்தான், "ரிட்டையர்டு சார்" என்றேன். பஸ்ஸில் மேலகரம் வரும் வரை வாய் திறக்கவில்லை. எண்ணெயும் போகவில்லை, குளிக்கவும் இல்லை. இத்தனை வருஷம் நான் அவரை அவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. மீட்டிங்கே தேவலை என்று இருந்தது.

ஆகவே அந்த ஒரு நாற்காலி. என் மகள் நிம்மதியாகப் பிள்ளை பெற வேண்டும், அவர் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும், நான் பெருங்காயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் அப்பா முதலாளி இருந்திருந்தால் நான் கேட்கவே வேண்டியிருந்திருக்காது.

உங்கள் பாகு பதம் தப்பாமலும், உங்கள் கோடவுன் எறும்பு அண்டாமலும் இருக்க வேண்டி ஜெபிக்கும்,

ஜெபமலர் ஜெபசிங்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஷெர்லின் போன் செய்தாள். வாயெல்லாம் கசக்கிறதாம், அப்பா கம்பெனி சுக்கு மிட்டாய்தான் வேண்டுமாம். வாங்கி வைத்தால் வீட்டுக்கே வந்துவிடுகிறாளாம், மீட்டிங்கிலும் உட்காருவாளாம். அவர் தூங்கட்டும் என்று நானே கடைக்குப் போனேன். பாட்டில் முன்னால் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. "சரக்கு இல்லாத பாட்டில எதுக்குவே முன்னால வச்சிருக்கீரு?" என்று ஒரு சத்தம் கேட்டது. பார்த்தால், நான்தான். "ஆச்சி, நீங்களுமா?" என்றார் பேச்சிமுத்து அண்ணாச்சி. "உள்ளதெல்லாம் உங்க வீட்டு அண்ணாச்சியே வாங்கித் தீத்துட்டாவ. ஆர்டர் போட்டு மூணு வாரமாச்சு, உங்க கம்பெனி வண்டி வந்தால்லா!"

தம்பி, நாற்காலி வேண்டாம். அவரை அங்கே உட்காரவைத்துவிட்டால் இங்கே கடைகளை யார் பார்ப்பது? முதலில் வண்டியை அனுப்புங்கள். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டு வருவோம். அவராவது கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.